இருக்கலாம்

ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்துக் கடையில்
ஏழு சாக்லேட் கட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.
பின்பக்கம், எறும்பு எழுத்தில்,
ஏழிலும் அதே வாக்கியம்.
மலாயில் ‘முங்கின்’ என்று தொடங்குவதை
மனதுக்குள் தமிழாக்கினால்:
நிலக்கடலை இருக்கலாம்.

இருக்கிறது என்றால் வைத்துவிட்டு வருவேன்.
இல்லை என்றால் எடுத்துக்கொண்டு வருவேன்.
இருக்கலாம் என்பதை
எந்தக் கூடையில் போடுவது?

எட்டாவது கட்டியில் அந்த வாக்கியம் இல்லை.
அதன் விலையை வீட்டில் சொல்லவில்லை.

மகளுக்கு ஏழு வயது முடிகிறது.
கூப்பிட வேண்டியவர் பட்டியலில்
அவளே எழுதிய முதல் பெயர் ஆதில்.
எல்லாப் பிறந்தநாளுக்கும்
சொந்த டப்பாவோடு வருகிறவன்.
கேக் வெட்டும்போது எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டிவிட்டு
மூலையில் போய் மூடியைத் திறக்கிறவன்.
வாசலோரம் அவன் அம்மா ஜெய்த்தூன்.
மடியில் பை, பைக்குள் ஊசி.
நாற்காலியில் அவர் சாய்ந்து
நான் பார்த்ததில்லை.

அவன் அத்தாவுக்குப் பசெம்போர் கடை.
பகலெல்லாம் கடலை வறுத்து இடிக்கிறவர்
இரவில் கீழே, கார்கள் நிற்கும் இடத்துக் குழாயில்
முழங்கை வரை தேய்த்துக் கழுவி
வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான்
லிஃப்டில் ஏறுவாராம்,
மகனைத் தூக்க.

மிக்சி ஜாரைக் கழுவினேன்.
மூன்று முறை கழுவியபின்
ரப்பர் வளையத்தை நெம்பிப் பார்த்தால்
அடியில் பழைய கடலைச் சட்னி ஒன்று
குடித்தனம் நடத்துகிறது.
புது ஜார் வாங்கினேன்.

சூரியகாந்தி விதை.
நாம் குவாச்சி என்று கொறித்து
உமியைத் துப்பிக்கொண்டே டிவி பார்ப்போமே,
அதன் உடைத்த பருப்பு.
பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம், ஓரத்து மடிப்பு
மூன்றையும் படமெடுத்து அனுப்பினேன்.
நாற்பது நிமிடம் கழித்து ஜெய்த்தூனிடமிருந்து
ஒரே சொல்: சரி.

வறுத்து அரைத்தேன்.
முதலில் தூளானது.
பிறகு கட்டிதட்டி, அசையமாட்டேன் என்றது.
மிக்சி சூடாகி நாற்றமடித்து
நானும் திட்டி ஓய்ந்த நேரத்தில்
திடீரென்று எண்ணெய் விட்டு, இளகி, பளபளத்தது.
வெண்ணெய் என்றே சொல்லலாம்.
சீனி, முட்டை, மாவு, சோடா உப்பு,
கத்தியால் கொத்திய அந்த எட்டாவது சாக்லேட்.
பன்னிரண்டு நிமிடத்தில் மாடி முழுக்க வாசனை.
எதிர்வீட்டு அ சூ கதவைத் திறந்து
மோந்துவிட்டுச் சாத்தினாள்.

காலையில் ஒன்றை உடைத்தேன்.
உள்ளே பச்சை.
பாசிப் பச்சை.
குளியலறை ஓட்டிடுக்கில் வருமே, அந்தப் பச்சை.

கை நடுங்கத்தான் படம் அனுப்பினேன்.
உடனே அழைப்பு. எடுத்தால்
மறுமுனையில் ஜெய்த்தூன் சிரிக்கிறார்.
அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.
“சோடா கூடிப்போச்சு லா.
இந்த விதையும் சோடாவும் சேந்தா இப்படித்தான்.
ஒண்ணும் செய்யாது.
எங்க வீட்டுல இதுக்குப் பேரே பல்லி பிஸ்கட்டு.”

பல்லி பிஸ்கட்டுக்கு அடிதடி.
கேக்கை யாரும் சீண்டவில்லை.
நாக்கை நீட்டி நீட்டிப்
பச்சையாகிவிட்டதா என்று ஒருவரையொருவர் கேட்டார்கள்.
ஆகவில்லை. ஆகிவிட்டதென்று சொல்லிக்கொண்டார்கள்.
ஆதிலின் டப்பா
செருப்புகளுக்குப் பக்கத்தில், திறக்காமல்.

ஜெய்த்தூன் ஒன்று தின்றார். இன்னொன்றும்.
பிறகு பையிலிருந்து ஊசியை எடுத்து என் கையில் வைத்து
தொடையில் எந்த இடம், எத்தனை விநாடி என்று
தன் சேலைமேல் குத்துவதுபோல் காட்டினார்.
“கீழே மருந்துக் கடை வரைக்கும்.
ஒரு மணி நேரம்.
இவன் இங்கே இருக்கலாமா?”

இருக்கலாம், என்றேன்.

ஊசியைக் குளிர்பெட்டி மேல் வைத்தேன்.
எட்டாமல் போய்விடுமோ என்று
இறக்கி, மேசையில் வைத்தேன்.
பிள்ளைகள் தொடுவார்களோ என்று
கடைசியில் கையிலேயே.

ஒரு மணி நேரம் என்றவர்
பதினெட்டாவது நிமிடம் படியேறி வந்தார்,
மழையில் முந்தானை நனைந்து,
மருந்துக் கடைப் பை எதுவும் இல்லாமல்.
ஆதில் திரும்பிப் பார்க்கவில்லை.
அவன் பேர் சொல்லிக் கூப்பிடப்போனவர்
வாயை மூடிக்கொண்டு
என் பக்கத்தில் வந்து நின்றார்.